நாவல்மலை ஆஸ்பத்திரிப் படத்தில் ஒரு பன்னிரண்டடிக் கட்டம்

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற நாவல்மலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. அங்கே புது ஆஸ்பத்திரி கட்ட ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். கமிட்டித் தலைவர் பெருமாள் அதற்கு மூன்று நாள் முன்னால் போனில் பேசினார். என் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரி வேலை ஒரு அடி நகராது, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்றார்.

அடிக்கல் நாட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வத்தளையில் பெரிய டைல் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். முதலாளிக்கு அடுத்தது நான்தான். முதலாளி வெளியே போனால் முதலாளியும் நான்தான். படித்தது எட்டாம் வகுப்பு வரைதான் என்றாலும், இஞ்சினியர்மார் என்னைக் கேட்டுத்தான் தளத்துக்குக் கல் எடுப்பார்கள். ஆகவே ஒரு புது வெள்ளைச் சட்டையும், நிக்கல் பூசிய மேசன் கரண்டி ஒன்றும் வாங்கிப் பையில் வைத்தேன். கரண்டி 1,450 ரூபாய். அடிக்கல்லுக்குத் துருப்பிடித்த கரண்டியை எவனாவது நீட்டினால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும்.

அதிகாலை 4.50க்கு வத்தளையில் பஸ் ஏறினேன். கொழும்புக் கோட்டையில் இறங்கி 5.40க்கு ஹட்டன் பஸ். யட்டியாந்தோட்டைக்கு டிக்கட் 280 ரூபாய். ஞாயிறு காலை என்பதால் சீட் கிடைத்தது. ட்ரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அவருக்குப் பாதை சொல்லிக்கொண்டு வந்தேன். அவரும் ஒன்றும் மறுக்கவில்லை. அவிசாவளைக்கு 7.10, யட்டியாந்தோட்டைக்கு 8.05. கரவனெல்லை தாண்டினால் களனி ஆறு கூடவே வரும், தூங்கிவிடாதீர்கள். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இரண்டு ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ, எல்லாம் 210 ரூபாய்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர். பஸ் கிடையாது. த்ரீவீலர்காரன் இரண்டாயிரம் கேட்டான், நான் சிங்களத்தில் பேசி 1,700க்கு இறக்கினேன். நான் சிங்களம் பேசினால் சிங்களவர்களே எந்த ஊர் என்று கேட்பார்கள். முதல் நாலு கிலோமீட்டர் தார். பிறகு வண்டி ஓடவில்லை, குதித்தது. என் தலை கூரையில் நூறு தடவையாவது இடித்திருக்கும்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு போக்கு வருகிறது, தண்ணீர் பாதைக்கு மேலாலேயே ஓடும். அந்த இடத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். "மெதன தமய், அங்கிள்" என்றான். இந்த இடம்தான் என்று சொல்லி நிலத்தைக் காட்டினான். ஒன்றரை வருடத்துக்கு முன், அடைமழையில் மேல்கணக்குப் பிள்ளை ஒருத்தியை, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுப் பெண் ஒருத்தியை, பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு கீழே வந்தானாம். போக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. முக்கால் மணி நேரம் அந்தப் பக்கமே நின்றிருக்கிறார்கள். வண்டிக்குள்ளேயே பிறந்தது. பிள்ளை அழவேயில்லை, என்றான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் அம்மா தன் சேலையைக் கிழித்துச் சுற்றினாள் என்றும், கூலியை அடுத்த வாரம் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள் என்றும் சொன்னான். வாங்கியிருக்கக்கூடாது அங்கிள், என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் பேச்சை மாற்றி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

9.05க்குத் தோட்டத்தில் இறங்கினேன். மேளம் இல்லாவிட்டாலும் ஒரு மாலையாவது இருக்கும் என்று பார்த்தால், ஒரு ஆளைக் காணோம். லயத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. நாய்தான் குரைத்தது. சரி, முதலில் ஆஸ்பத்திரியைப் பார்ப்போம் என்று நடந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. எனக்குக் கை முறிந்தபோது அங்கேதான் மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதன் பின்மலை அப்படியே இறங்கி வந்து முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. ஆண்கள் வார்டின் சுவர் பிளந்த இடத்தில் என் கை முழங்கை வரை உள்ளே போனது. பெண்கள் வார்டில் ஒரு கட்டில் மண்ணுக்குள், அதன் இரண்டு கால் மட்டும் வெளியே. சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி, மூன்று பாஷையிலும் உள்ளே போகாதே என்று எழுதியிருக்கிறார்கள். ஆள்சேதம் இல்லை. சத்தம் கேட்டதும் டாக்டர் ஐயா நோயாளிகளை வெளியே ஓட்டிவிட்டாராம். மருந்தெல்லாம் இப்போது புள்ளைக்காம்பராவில். அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை. தொட்டில்களுக்கு நடுவில்தான் நோயாளி பார்க்கிறார்கள்.

பத்தரைக்கு என் தங்கச்சி திரேசா பால் வாளியோடு வந்தாள். றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை எதற்கு வேலை என்று கேட்டேன். ஞாயிறு வேலை செய்தால் அன்றைக்கே காசு கொடுப்பார்கள், கைக்காசு என்பது அதன் பெயர். அந்தக் கைக்காசைத் தோட்டத்தில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லையாம். பதினான்கு ஞாயிறாக அப்படியே ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குப் போகிறது. பெரும்பங்கு பணம் தருவது ஒரு தர்ம நிறுவனம். ஆனால் பத்தில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மழை பெய்த ஞாயிறில் மரம் வெட்ட முடியாது, அப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். எங்களைப்போன்ற வேதக்காரர்களுக்காக, அதாவது கிறிஸ்தவர்களுக்காக, சாமியார் பூசையையே பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார். பதினான்கு வாரம் ஞாயிறு இல்லாமல் மனிதன் எப்படி இருப்பது?

"நம்ம ஜெசிந்தா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். ஜெசிந்தா அவள் மகள்.

"மறுபடி மாசமா இருக்கா. அஞ்சு மாசம். இந்தத் தடவ ஏழாம் மாசமே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி, ரூம் எடுத்து வச்சுக்கிடணும்ணே. அந்தப் போக்கக் கடக்கிற தைரியம் எனக்கு இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றரை வருடத்துக்கு முன் பிள்ளை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டது என்றுதான் எனக்குப் போனில் சொன்னார்கள். வேலை அதிகம், வர முடியவில்லை, ஐயாயிரம் அனுப்பினேன். த்ரீவீலர் கதையில் சேலையைக் கிழித்த அம்மா என் தங்கச்சி. நான் அந்தப் போக்கைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், பையில் பளபளவென்று ஒரு கரண்டியோடு.

கூட்டம் ஒரு மணிக்கு, புள்ளைக்காம்பராவில். தொட்டில்களை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். பெருமாள் பால் ஒட்டிய சட்டையோடுதான் தலைமை தாங்கினார். கீழ்கணக்கிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்தவர், நல்ல மனிதர். பக்கத்தில் மருத்துவிச்சி குமாரி மிஸ், ருவன்வெல்லைப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். இன்னொரு பக்கம் படம் வரைந்த டெக்னிக்கல் ஒபீசர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் படம் விரித்திருந்தது.

பெருமாள் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்துக் காணி முழுக்கக் கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது. காணிக் கடிதம் இல்லாமல் தர்ம நிறுவனம் ஒரு சதம் தராது. கம்பெனி கொடுக்கலாம் என்று சொன்ன இரண்டு துண்டையும் மண்சரிவு பார்க்கிற காரியாலயம் ஆபத்து என்று சிவப்பு அடித்துவிட்டது. கடைசியில் பழைய நில அளவைப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், தோட்டம் முழுவதிலும் குத்தகைக்கு வெளியே, தொழிலாளர்களுக்கென்று எழுதி வைத்த நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். மண்ணும் கெட்டி, சரிவும் இல்லை, பாதையும் பக்கம்.

"எது?" என்றேன்.

"மேல்கணக்குப் பழைய மயானங்க" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நூற்றைம்பது வருடம் இந்த மலையில் வேலை செய்த சனத்துக்கு மலையில் சொந்தமாக இருந்தது செத்தால் படுக்கிற இடம் மட்டும்தான். அதன் மேல் ஆஸ்பத்திரியா? என் அப்பா அங்கே கிடக்கிறார். பெருமாள் பொறுமையாகச் சொன்னார். அங்கே அடக்கம் செய்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, இப்போது புது மயானம் வேறு. சுகாதாரப் பரிசோதகர் சரி சொல்லிவிட்டார். நாற்பத்தொரு குடும்பத்துக்கு அங்கே ஆள் இருக்கிறது. வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும். நாற்பது குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. எலும்பு கிடைத்தால் ஒரே இடத்தில் வைத்து, பெயரெல்லாம் எழுதிச் சுவர் கட்டுவார்கள். திங்கள் காலை கடிதமும் படமும் தர்ம நிறுவனத்துக் கந்தோரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். மிச்சம் நான் ஒருவன்.

"மற்றது அண்ணை, உங்கட அப்பான்ர கல்லறைக்கு நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. அது அப்பிடியே இருக்கும். பயப்பிடாதேங்கோ" என்றார் சிவநேசன்.

படத்தில் விரலை வைத்துக் காட்டினார். கட்டடத்தின் வலது பக்கம் யாரோ கடித்தெடுத்ததுபோல உள்ளே போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கட்டம். பன்னிரண்டுக்கு எட்டு. சலவைக்கல் என்று எழுதியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் இவர்தான் வத்தளைக்குப் போன் எடுத்திருக்கிறார். மயானத்தில் கட்டின கல்லறை ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டிருக்கிறார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நான் சத்தமாகச் சொன்னேன்: இருக்கிறது ஐயா, இத்தாலிச் சலவைக்கல், பன்னிரண்டடிக்கு எட்டடி, மேலே சிலுவை, சுற்றிக் கம்பி வேலி. இந்த வலைப்பதிவில்கூட ஒரு தடவை எழுதியிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மயானம் காடு பிடித்துக் கிடந்ததால் சிவநேசன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, எல்லைகளை மட்டும் அளந்துவிட்டு, என் வாயை நம்பி வரைந்துவிட்டார். சும்மா மண்மேடாக இருந்தால் குடும்பத்தின் கையெழுத்துப் போதும். கட்டின கல்லறை என்றால் கை வைக்கக்கூடாதாம்.

"அந்தக் கட்டம் எங்க பிரசவ அறையில பாதியச் சாப்பிட்டிருச்சு, ஐயா" என்றார் குமாரி மிஸ். "ரெண்டு கட்டில் கேட்டேன். இப்ப ஒண்ணுதான். ஸ்ட்ரெச்சர் திருப்பவும் இடம் இல்ல. பரவாயில்ல, ஒங்க அப்பாதானே."

திரேசாவைப் பார்த்தேன். அவள் கையில் காய்ந்திருந்த றப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் மயானத்துக்கு ஏறினோம். காட்டை முதல் நாளே வெட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு சிவநேசன் ஏறுவது இதுதான் முதல் தடவை. இங்கே ஒரு வழக்கம். சாமி கும்பிடுகிறவர்களானாலும் வேதக்காரர்களானாலும் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவார்கள். கல் வைக்க வசதி கிடையாது, மரச்சிலுவை மூன்று மழைக்குத் தாங்காது. குரோட்டன் சாகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிறம். காடு வெட்டியபோதும் குரோட்டனில் கத்தி படவில்லை. குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கள் செடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். மஞ்சள், ஊதா, புள்ளி போட்டது. சிவநேசனின் உதவியாளர் ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொண்டு வந்தார்.

நான் நடந்தேன். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. காடு மாறிவிட்டது, முன்பு இங்கே ஒரு பலாமரம் நின்றது என்று பேசிக்கொண்டே நடந்தேன். பலாமரம் ஒன்றும் நிற்கவில்லை. அப்பாவைப் புதைத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மறு வாரம் கொழும்புக்கு வண்டி ஏறியவன், அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், தேருக்கு வந்திருக்கிறேன், இந்த மேட்டுக்கு ஏறவில்லை. சலவைக்கல் இல்லை என்பது எனக்குத் தெரியும். மேடு எது என்பதும் தெரியாது என்பது அங்கே போய் நிற்கும்வரை எனக்கே தெரியாது.

நாற்பது குடும்பமும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது திரேசா மெதுவாகப் போய், ஒரு கருஞ்சிவப்புக் குரோட்டனுக்குப் பக்கத்தில் நின்றாள். வேறு எதுவும் செய்யவில்லை. நான் அவளிடம் போய், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாலு பேரு முன்னுக்கு எங்கண்ணன் பொய் சொல்றாருன்னு எப்படிண்ணே சொல்லுவேன்?" என்றாள். "நீங்க வந்து பாத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

போக்கில் பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். அந்த அறைக்காகப் பதினான்கு ஞாயிறு மரம் வெட்டியவள். அந்த அறையில் பாதியை என் வாய் தின்றது தெரிந்தும், இரண்டு மாதம் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் சத்தமாகப் பேசுகிறவன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்கும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன்: "சலவைக்கல் இல்ல. நான் கட்டல. போன்ல சொன்னது பொய். எங்கப்பா இந்தா, இந்தச் செடிக்குக் கீழ இருக்காரு. அறைய முழுசா எடுத்துக்கங்க."

பிறகு பெருமாள்தான், "சூசண்ணே, அந்தக் கம்பி வேலியாவது இருக்கா, கோழிக் கூட்டுக்கு ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரேசாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் ஏதோ சுண்ணாம்பு போய்விட்டது.

அப்பாவின் மேட்டுக்கு நானே சுண்ணாம்பு போட்டேன், என் நிக்கல் கரண்டியால். நேர்கோடாகப் போட்டேன். இந்தத் தொழிலில் என்னைப்போல நேர்கோடு போடுகிறவன் கொழும்பில் இல்லை. அளந்தபோது ஆறடிக்கு இரண்டரை அடி.

சிவநேசன் படத்தைத் தூக்கி ஒரு பாறையில் விரித்து, ரப்பரை எடுத்து அந்தக் கட்டத்தை அழித்தார். என் அப்பாவின் இத்தாலிச் சலவைக்கல் கல்லறை சிலுவையோடும் கம்பி வேலியோடும் மறைவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடித்தெடுத்த இடத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். இரண்டு கட்டில் வரைந்தார். குமாரி மிஸ் குனிந்து பார்த்து, ஸ்ட்ரெச்சர் திரும்பும் என்றார். நான் நாற்பத்தொன்றாவது கையெழுத்தைப் போட்டேன். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்கி, இன்னொன்றையும் சொன்னேன். கல் வாங்கினேன், அது மட்டும் பொய்யில்லை. பதினொரு வருடத்துக்கு முன் கடையில் ஒரு பலகை வந்திறங்கும்போது மூலை உடைந்தது. பாதி விலைக்கு எடுத்து அப்பாவுக்கென்று வைத்தேன். கடைக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் மேல்தான் நாங்கள் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறோம்.

குமாரி மிஸ் யோசிக்கவேயில்லை. "கொண்டு வாங்க. பிள்ளை குளிப்பாட்ட மேசைக்கு மேல போட ஒரு கல்லு வேணும். எத்தின அடி?"

வாய் வரை வந்தது. ஆறடி என்று சொல்லத்தான் வந்தது. "அளந்து சொல்றேன்" என்றேன்.

திரும்பும்போது அதே த்ரீவீலர், 1,700. போக்குக்குக் கிட்ட அவன் வண்டியை மெதுவாக்கிக் கடத்தினான். 5.20க்கு யட்டியாந்தோட்டையில் கொழும்பு பஸ். வத்தளைக்கு வரும்போது எட்டரை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். மழை நாளில் போகாதீர்கள், ஆறாவது கிலோமீட்டரில் மாட்டிக்கொள்வீர்கள். த்ரீவீலருக்கு 1,700க்கு மேல் கொடுக்காதீர்கள், ஆனால் அந்தப் பையன் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பத்தரைக்கு முன் லயத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் ஆட்கள் அந்த மேட்டில் இருந்தால் செடியின் நிறத்தைப் போகும் முன்னே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க் கமிட்டியிலிருந்து யாராவது போன் எடுத்து அளவு கேட்டால், கடையில் யார் நின்றாலும் சரி, தெரியாது என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். எழுதினதைச் சுற்றிச் சுவர் கட்டுகிறார்கள்.

கல்லை இன்று காலை கழுவி வைத்தேன். நீளம் மூன்றடி பத்து அங்குலம். அகலம் ஒன்றே முக்கால் அடி. வலது மூலை உடைந்திருக்கிறது. இத்தாலி இல்லை, இந்தியா. டேப் வைத்து இரண்டு தடவை அளந்துதான் எழுதுகிறேன்.